புறாத்தீவுக் கடலை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கத் திட்டமிடுதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. ஊரார் புறாமலை என்று சொல்லும் பெரிய தீவும் அருகிலுள்ள சிறிய தீவும் சேர்ந்தாலும் நிலம் கொஞ்சமே. பூங்காவின் 471 ஹெக்டெயரில் மிகப் பெரும்பகுதி கடல். ஆகவே இங்கே சூழலின் நலத்தைக் கண்காணிப்பது என்றால் முதன்மையாக முருகைக்கற்பாறைகளை (பவளப்பாறைகளை) கண்காணிப்பதே. வளாகத்து மாணவர்கள், பூங்காவில் புதிதாகப் பணியேற்றவர்கள், சுழியோடப் பழகிய தொண்டர்கள் ஆகியோர் ஒன்றுகூடி இத்தகைய வேலையைத் தொடங்க நினைத்தால், கடலில் இறங்குவதற்கு முன் கரையில் செய்து முடிக்க வேண்டிய திட்டமிடலைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

ஒருமுறை இறங்கி இருப்பதையெல்லாம் எண்ணிவிட்டு வருவது கணக்கெடுப்பு. அதே இடத்தில், அதே முறையில், அதே பருவத்தில், ஆட்கள் மாறினாலும் ஆண்டுதோறும் எண்ணுவதே கண்காணிப்பு. 1998 இல் கடல் சூடேறியபோது இலங்கையின் தெற்கு, தென்மேற்குக் கரைகளில் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன; திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. இரு பக்கங்களிலும் இறங்கிப் பார்த்து எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் இன்று இதைச் சொல்ல முடிகிறது. ஆயினும் போர்க்காலத்தில் இக்கடலில் நினைத்த நேரத்தில் இறங்க இயலாமல் இருந்ததால், கிடைக்கும் பதிவுகளுக்கு இடையே நீண்ட இடைவெளிகள் உள்ளன. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஒரே நிறுவனம் விடாமல் எண்ணி வருவதால், அங்கு ஒரு சூறாவளிக்குப் பின் பாறை மீள எத்தனை ஆண்டுகள் எடுக்கின்றன என்பதை எண்களாகச் சொல்ல முடிகிறது. நமக்கு அவர்களுடைய கப்பல்கள் தேவையில்லை, விடாமைதான் தேவை.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

"புறாத்தீவு நலமாக இருக்கிறதா?" என்பது எவராலும் அளக்க முடியாத கேள்வி. எது, எங்கே, எவ்வளவு, எத்தனை ஆண்டுகளில் என்ற நான்கும் அடங்கும்படி அதை மாற்றி எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக: "பயணிகள் இறங்கி நீந்தும் பகுதியில் உயிருள்ள வன்முருகையின் (கல்போன்ற எலும்புக்கூடு கட்டும் முருகையின்) பரப்பு ஐந்து ஆண்டுகளில் பத்துச் சதவீதப் புள்ளிகளுக்கு மேல் குறைகிறதா? குறைந்தால், பயணிகள் வராத பகுதியிலும் அதே அளவு குறைகிறதா?" இக்கேள்வியின் இரண்டாம் பாதிதான் முக்கியம். இரு பகுதிகளிலும் ஒன்றுபோலக் குறைந்தால் காரணம் பெரும்பாலும் வெப்பம் போன்ற பொதுக் காரணம்; பயணிகள் இறங்கும் பகுதியில் மட்டும் குறைந்தால் கால்களையும் நங்கூரங்களையும் சந்தேகிக்கலாம். முதலாவதற்குத் தீவில் எவரும் செய்யக்கூடியது குறைவு, இரண்டாவதற்கு நாளைக்கே கயிறு கட்டி வழி மறிக்கலாம்.

கேள்வியை எழுதும்போதே, விடை கிடைத்தால் எவர் என்ன செய்வார் என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். விடை எந்த முடிவையும் மாற்றாது என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம். இரண்டு அல்லது மூன்று கேள்விகள் போதும்.

படி 2: அனுமதியும் கூட்டும்

தேசியப் பூங்காவுக்குள் எந்த ஆய்வுக்கும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பாறையில் ஓர் ஆணி அடிப்பதற்கும், ஒரு சிறு கருவியைக் கட்டி வைப்பதற்கும் இது பொருந்தும். ஆகவே எங்கே, எதை, எத்தனை ஆண்டுகள் வைக்கப் போகிறீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாகக் குறிப்பிடுங்கள். கடல்வாழ் உயிரின அறிவுக்கு தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவையும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வது நல்லது. படகோட்டிகளை மறக்க வேண்டாம். நாள்தோறும் தீவுக்குப் போய்வரும் அவர்கள் பாறை வெளிறத் தொடங்குவதை எந்த ஆய்வாளருக்கும் முன்னரே காண்கிறார்கள்.

படி 3: எதை அளப்பது, எதை விடுவது

ஒரு பெரிய தாளில் நடுவே முருகைக்கல்லை வரைந்து, அதைத் தாக்குபவற்றையும் தாங்குபவற்றையும் சுற்றிலும் எழுதி அம்புக்குறி இடுங்கள். கடல் வெப்பம், நங்கூரம், மிதிக்கும் கால், அறுந்து சிக்கிய வலை, முருகையைத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீன் ஆகியவை தாக்குபவை. பாசியை மேய்ந்து பாறையைச் சுத்தமாக வைத்திருக்கும் கிளிமீன் போன்றவை தாங்குபவை. மேய்ச்சல் மீன் குறைந்தால் பாசி மூடும். பாசி மூடினால் குஞ்சு முருகைகள் ஒட்டுவதற்கு இடம் இராது. இந்தப் படத்தில் அதிக அம்புகள் சந்திக்கும் இடங்களே அளக்க வேண்டியவை. அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையும் தன் பூங்காக்களை 32 வலையமைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தனக்குரிய முக்கிய அறிகுறிகளைத் தானே தேர்ந்து கண்காணிக்கும் முறையைக் கையாள்கிறது.

புறாத்தீவுக்கு என் தேர்வு இது: கடலடிப் பரப்பில் உயிருள்ள முருகை, பாசி, உடைகல் (உடைந்து கிடக்கும் முருகைத் துண்டுகள்) ஆகியவற்றின் பங்கு, மேய்ச்சல் மீன்களின் எண்ணிக்கை, முட்கிரீட நட்சத்திர மீன், கடல்நீரின் வெப்பம், நாளொன்றுக்கு வந்த பயணிகள். கடைசியானது பூங்காவின் நுழைவுச்சீட்டுப் பதிவிலேயே கிடைக்கும் என்பதால் செலவில்லை.

கருமுனைச் சுறாவையும் கடலாமையையும் இப்பட்டியலில் சேர்க்காததைக் கண்டு பலர் முகம் சுளிப்பர். தீவுக்குப் போகும் எவரும் அவற்றைத்தான் தேடுகிறார்கள், எண்ணவும் ஆசைப்படுகிறார்கள். ஆனால் இன்று மூன்றும் நாளை ஆறும் கண்ணில் படும் உயிரில், அந்த வேறுபாடு நீரின் தெளிவாலா, நேரத்தாலா, வந்த ஆட்களின் சத்தத்தாலா என்று பிரிக்க இயலாது. கண்டதை ஓரத்தில் குறித்து வையுங்கள், போக்கைக் கணிக்க அதை நம்ப வேண்டாம்.

படி 4: கோடுகளை எங்கே, எத்தனை போடுவது

உலகெங்கும் தொண்டர்களால் கையாளப்படும் ரீஃப் செக் முறை புதியவர்களுக்கு ஏற்றது. 100 மீற்றர் நீள அளவுநாடாவை ஒரே ஆழத்தில் விரித்து (இதுவே ஒரு கோடு), அதில் 20 மீற்றர் கொண்ட நான்கு துண்டுகளை, துண்டுக்குத் துண்டு 5 மீற்றர் இடைவெளி விட்டு எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு அரை மீற்றரிலும் நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பதைக் குறித்தால் துண்டுக்கு 40 புள்ளிகள், கோட்டுக்கு 160 புள்ளிகள் கிடைக்கும்.

இந்த 160 என்ற எண்ணை வைத்து ஒரு கணக்குப் பாருங்கள். 64 புள்ளிகளில் உயிருள்ள முருகை இருந்தால் பரப்பு 40 சதவீதம். ஆனால் 160 புள்ளிகளைக் கொண்டு மதிப்பிடும்போது தற்செயலாலேயே ஏறத்தாழ எட்டுச் சதவீதப் புள்ளி மேலும் கீழும் போகலாம். அடுத்த ஆண்டு 35 என்று வந்தால் அது குறைவா, எண்ணிக்கையின் ஆட்டமா என்பது அந்த ஒரு கோட்டிலிருந்து தெரியாது. அதனால்தான் பல கோடுகள் வேண்டும் என்கிறோம். எட்டுக் கோடுகளை நிலையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சென்ற ஆண்டுக்கும் இவ்வாண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனித்தனியே பாருங்கள். எட்டில் ஐந்து குறைந்து மூன்று கூடினால் ஒன்றும் சொல்வதற்கில்லை. எட்டில் ஏழோ எட்டோ குறைந்திருந்தால், நாணயம் சுண்டியதுபோல் தற்செயலாக அப்படி அமைவதற்கான வாய்ப்பு 256 இல் 9 மட்டுமே. அப்போது அதைக் குறைவு என்றே கொள்ளலாம். கணினியும் புள்ளிவிவர மென்பொருளும் இல்லாமலே ஒரு பூங்கா உத்தியோகத்தர் செய்யக்கூடிய சோதனை இது.

எட்டில் மூன்றைப் பயணிகள் நீந்தும் பகுதியிலும், மூன்றை அவர்கள் வராத பகுதியிலும், இரண்டைப் பூங்காவுக்கு வெளியே, உப்புவெளிப் பக்கத்துப் பாறைத்திட்டு ஒன்றிலும் வைக்கலாம். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் தொடங்கும் இடத்தைச் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்யுங்கள். அழகான இடத்தில் கோடு போடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் மிக நன்றாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தால் அது இனிமேல் மோசமாகத்தான் முடியும் என்பதால், இல்லாத வீழ்ச்சி ஒன்று ஏட்டில் தோன்றிவிடும்.

கோட்டின் இரு முனைகளையும் இறந்த பாறையில் பொருத்திய துருப்பிடிக்காத ஆணியால் அடையாளப்படுத்துங்கள். ஜி.பி.எஸ். கருவி காட்டும் இடம் சில மீற்றர் விலகும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. நம் மீனவர்கள் கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து, வேறொரு திசையிலும் அவ்வாறே செய்து, கடலில் ஓர் இடத்தைத் தவறாமல் பிடிப்பார்கள். அந்த முறையில் இரண்டு திசைக்கும் ஒளிப்படம் எடுத்து ஏட்டில் ஒட்டி வையுங்கள். நீருக்கடியில் ஆணியைச் சுற்றியுள்ள பாறையின் படமும் வேண்டும், ஏனெனில் ஓராண்டில் ஆணியைப் பாசி முழுதாக மூடிவிடும்.

படி 5: காலத்தைக் குறியுங்கள்

வாடைக்காலத்தில் இக்கடல் கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும். இறங்குவது ஆபத்து, இறங்கினாலும் கண் தெரியாது. மே மாத முற்பகுதியில் இரண்டு வாரத்தை முதன்மைக் கணக்கெடுப்புக்கு ஒதுக்கி, ஆண்டுதோறும் அதையே கடைப்பிடியுங்கள். காலையில், கச்சான் காற்று எழுவதற்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும். அதைத் தவிர, ஏப்ரல் தொடங்கி வெயில் தணியும் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை வெளிறலுக்காக ஒரு விரைவான நீச்சல் போதும்.

அந்த நீச்சல் எப்போது அவசரமாகிறது என்பதை அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா செய்மதி மூலம் இலவசமாக வெளியிடும் வெப்பத் தரவைப் பார்த்து முடிவு செய்யலாம். ஓரிடத்தின் மிகச் சூடான மாதத்துச் சராசரியை விடக் கடல் ஒரு பாகை செல்சியசோ அதற்கு மேலோ உயர்ந்த வாரங்களில் அந்த உயர்வை, கடந்த பன்னிரண்டு வாரங்களுக்குக் கூட்டி ஓர் எண்ணாக அது தருகிறது. அந்த எண் 4 ஐத் தொட்டால் குறிப்பிடத்தக்க வெளிறலும், 8 ஐத் தொட்டால் பரவலான வெளிறலும் இறப்பும் எதிர்பார்க்கப்படும். செய்மதி பார்ப்பது ஐந்து கிலோமீற்றர் அகலமான கட்டத்தின் மேற்பரப்பைத்தான். ஆகவே பாறையடியில் மணிக்கு ஒருமுறை பதியும் சிறு வெப்பப் பதிவுக் கருவிகள் இரண்டையாவது கட்டி வையுங்கள். கட்டுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் அவற்றை நொறுக்கிய ஐஸ்கட்டியும் நன்னீரும் கலந்த வாளியில் இட்டுச் சரிபார்க்க வேண்டும். சரியான கருவி பூச்சியப் பாகை காட்டும். மீன் வாடியில் வாங்கும் ஐஸில் உப்பு பட்டிருந்தால் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிடும் என்பதால், வீட்டில் உறையவைத்த ஐஸே பாதுகாப்பு.

படி 6: கோட்டில் நடக்கும் வேலை

நாடாவை விரித்ததும் பதினைந்து நிமிடம் விலகி நில்லுங்கள்; கலைந்த மீன்கள் திரும்ப வரவேண்டும். முதலில் மீன், ஐந்து மீற்றர் அகலத்துக்குள் உள்ளவை மட்டும். பிறகு முட்கிரீட நட்சத்திர மீன், கடலட்டை முதலிய அடித்தள உயிர்கள். கடைசியாகக் கடலடிப் புள்ளிகள். இந்த ஒழுங்கை மாற்றினால் மீன் எண்ணிக்கை கெட்டுவிடும். பென்சிலும் நீர்புகா எழுதுபலகையும் போதும். ஒவ்வொரு புள்ளியையும் வன்முருகை, மென்முருகை, அண்மையில் இறந்த முருகை, பாசி, கடற்பஞ்சு, பாறை, உடைகல், மணல், சேறு, பிற என்ற பத்து வகைகளுள் ஒன்றில் அடக்குங்கள். இனப் பெயர் தெரியாதவரும் இதைச் செய்யலாம்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: வெள்ளையாகத் தெரியும் முருகை. வெள்ளை எல்லாம் வெளிறல் அல்ல. வெளிறிய முருகை இன்னும் உயிரோடு இருக்கிறது. தன்னுள் வாழ்ந்த நுண்பாசியை இழந்ததால் சதை கண்ணாடிபோல் தெளிந்து, கீழேயுள்ள எலும்புக்கூடு வெள்ளையாகத் தெரிகிறது. அருகில் முகமூடியை வைத்துப் பார்த்தால் நுண்ணிய உணர்கொம்புகள் தெரியும், தொட்டால் வழுக்கும் என்பார்கள். தொடக் கூடாது என்பதால் பார்ப்பதோடு நிறுத்துங்கள். நட்சத்திர மீன் தின்ற தழும்பு வேறு. அது தன் இரைப்பையை வெளியே தள்ளி முருகையின் மேல் விரித்துச் சதையைக் கரைத்துவிடுவதால், அந்த இடத்தில் எலும்புக்கூடு மட்டுமே மிஞ்சும். ஓரம் கூர்மையாக வெட்டினாற்போல் இருக்கும். ஒரு பக்கம் பளிச்சென்ற வெள்ளை, சில நாள் முன் தின்ற பக்கம் மெல்லிய பச்சைப் பாசி. அத்தகைய தழும்பைக் கண்டால் சுற்றிலும் உள்ள மேசை வடிவ அக்குரோபோரா முருகைகளின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள், பகலில் அது அங்கே ஒளிந்திருக்கும். அதன் முட்கள் நஞ்சுள்ளவை. திருகோணமலைக் கடலில் அது பெருகியதற்கான பதிவுகள் 1970களிலேயே உள்ளன என்பதால், இது எப்போதோ வரக்கூடிய விருந்தாளி அல்ல.

படி 7: ஆட்கள் மாறுவார்கள் என்று திட்டமிடுங்கள்

மாணவர் பட்டம் பெற்றுப் போவார், உத்தியோகத்தர் இடமாற்றம் பெறுவார். ஆள் மாறும்போது எண்ணும் மாறும். அது கடலில் நிகழ்ந்த மாற்றமாகத் தோற்றமளிக்கும். இதற்கு ஒரே மருந்து: ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பழையவரும் புதியவரும் ஒரே கோட்டை ஒருவர் மற்றவருடைய பலகையைப் பார்க்காமல் எண்ணி, பின்னர் ஒப்பிட வேண்டும். வன்முருகைப் பரப்பில் ஐந்து சதவீதப் புள்ளிக்கு மேல் வேறுபாடு வந்தால் புள்ளி புள்ளியாகப் பேசித் தீர்த்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். அந்த வேறுபாட்டையும் ஏட்டில் பதியுங்கள், பின்னாளில் தரவை ஆராய்பவருக்கு அது பொன்.

செயல்முறை ஏடு ஒன்று தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். எந்த நாடா, எந்தப் பக்கம் நீந்துவது, புள்ளி இரண்டு வகைகளின் எல்லையில் விழுந்தால் எதை எழுதுவது என்பது வரை அதில் இருக்கட்டும். மீன்களின் பெயர் மூதூருக்கும் நிலாவெளிக்கும் இடையிலேயே மாறுகிறது. எனவே படத்தோடு கூடிய இலக்கக் குறியீடு ஒன்றை வைத்துக்கொண்டு, பலகையில் இலக்கத்தை மட்டும் எழுதுங்கள்.

படி 8: தரவுக்கும் பணம் ஒதுக்குங்கள்

படகுக் கூலிக்கும் சிலிண்டருக்கும் முழுப் பணத்தையும் செலவழித்துவிட்டு, எழுதுபலகைத் தாள்களை ஒரு பையில் போட்டு அலுமாரியில் வைத்துவிடுவது இத்தகைய முயற்சிகளுக்கு நேரும் வழக்கமான முடிவு. நேரத்திலும் பணத்திலும் மூன்றில் ஒரு பங்கைத் தரவைப் பதிவதற்கும் சரிபார்ப்பதற்கும் அறிக்கை எழுதுவதற்கும் முதலிலேயே ஒதுக்கி வைப்பேன். கடலிலிருந்து வந்த அன்று மாலையே கணினியில் ஏற்றி, மற்றொருவர் தாளை வாசிக்க நீங்கள் திரையில் சரிபாருங்கள். துண்டுக்கு நாற்பது புள்ளி வராத தாளை அன்றே கண்டுபிடித்துவிடலாம். மூன்று மாதம் கழித்து எவருக்கும் நினைவிராது. தாளின் படம், கணினிக் கோப்பு, குறியீட்டு விளக்கம் ஆகிய மூன்றும் திணைக்களத்திலும் வளாகத்திலும் ஒவ்வொரு பிரதியாக இருக்க வேண்டும்.

படி 9: எந்த எண்ணுக்கு எந்தச் செயல்

முதல் ஆண்டிலேயே, தரவு எதுவும் வராத நிலையில், எல்லைகளைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். நோவாவின் வெப்ப எண் 4 ஐத் தொட்டால் ஒரு வாரத்துக்குள் எட்டுக் கோடுகளிலும் வெளிறல் கணக்கு. ஒரு கோட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முட்கிரீட நட்சத்திர மீன் கண்டால் தீவைச் சுற்றி முழுத் தேடுதல், திணைக்களத்துக்கு உடனடி அறிவித்தல். பயணிகள் நீந்தும் பகுதியில் மட்டும் உடைகல் இரண்டு ஆண்டு தொடர்ந்து கூடினால் அப்பகுதியை ஒரு பருவம் மூடுவது குறித்து பூங்காப் பொறுப்பாளருடன் கூட்டம். எண் வந்த பின் எல்லையை வகுக்க முயன்றால், சுற்றுலாப் பருவத்தின் நடுவே எவரும் மூடச் சம்மதிக்க மாட்டார்கள்.

ஆண்டறிக்கை இரண்டு பக்கம் போதும். அதைக் கரையோரத்துப் படகோட்டிகளின் சங்கத்திலும் வாசித்துக் காட்டுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முறையையே மீளாய்வு செய்யலாம். புள்ளிகளை விட்டு ஒளிப்படச் சட்டத்துக்கு (கடலடியில் சட்டம் வைத்துப் படமெடுத்து அளக்கும் முறைக்கு) மாற விரும்பினால், குறைந்தது இரண்டு பருவம் இரு முறைகளையும் அதே கோடுகளில் சேர்த்துச் செய்து, பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள உறவைக் கண்டு செயல்முறை ஏட்டில் எழுதிய பிறகே பழையதைக் கைவிட வேண்டும்.